ஒரு வாரம் பேசக் கூடாது

நாற்காலியைப் பார்த்த ஆச்சரியத்தில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு எனக்கு வணக்கம் சொல்லவே மறந்துவிட்டது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. ஆபீஸ் ரூமில் பெற்றோர் வந்தால் உட்காருவதற்காகப் போட்டிருப்பது. மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் ஆயா பழனாத்தா அதைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து வந்து, கரும்பலகை ஓரமாகப் போட்டு, முந்தானையால் ஒரு தட்டுத் தட்டி, "உக்காருங்க மிஸ், பிரின்சிபால் மேடமே சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடக்காது என்பது தாளாளர் அய்யாவின் எண்ணம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கோடை விடுமுறையில் எல்லா நாற்காலிகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வகுப்பின் மூலையிலும் ஒரு கேமராவைப் பொருத்திவிட்டார். அதனால் உட்கார்ந்த மறுநொடி என் கண் தானாக மூலைக்குப் போனது. அனுமதியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்தக் கேமராவுக்கு யார் சொல்வார்கள். முதுகு நாற்காலியில் சாயவே மாட்டேன் என்கிறது. பழகாத வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல நுனியிலேயே இருக்கிறேன். பிறகு நினைவு வந்து எழுந்து கரும்பலகையில் எழுதினேன். எனக்குத் தொண்டை சரியில்லை. ஒரு வாரம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாய்மங்கள் பாடத்தில் மிதத்தல் பகுதியை எடுத்துப் படியுங்கள். எழுதி முடித்துத் திரும்பினால் நாற்பது முகமும் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல. "குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாதுங்களா மிஸ்?" என்று கேட்டாள் முதல் பெஞ்சு சுகிர்தா. இல்லை என்று தலையாட்டினேன். "அப்பறம் எப்படி மிஸ் எங்களத் திட்டுவீங்க?" அது கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. யாரென்று குரலை வைத்தே தெரியும், கௌசிக். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், சிரித்தால் சத்தம் வரும் என்று உதட்டை மூடிக்கொண்டேன்.

முடிச்சு என்று சொன்னார் டாக்டர். குரல் நாணில் சின்ன முடிச்சு. மூக்கு வழியாக ஒரு கம்பியை விட்டு, ஈ என்று சொல்லுங்கள் என்றார். நான் ஈ என்றேன், பக்கத்துத் திரையில் என் தொண்டை தெரிந்தது. வெளுத்த இரண்டு ரிப்பன்கள் துடித்துத் துடித்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இரண்டிலும் நடுவில் ஒரு மேடு. இவ்வளவுதானா, இருபது வருடம் கத்தினது இந்த இரண்டு ரிப்பன்தானா என்று இருந்தது. "டீச்சருங்க, பாட்டுப் பாடறவங்க, கடைத்தெருவுல கூவி விக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் வர்றதுதான். பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு வாரம் வாயே தொறக்காதீங்க. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா. வேலைய மாத்திக்க முடியுமான்னு பாருங்க, இல்லீன்னா ஒரு மைக்காவது வாங்கிக்கங்க." பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பயமே வந்தது. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது முடிச்சு என்ற சொல் வரும். முடிச்சு என்றால் என்ன, முடிச்சு வளருமா, வளர்ந்தால் வேறு பெயராகிவிடுமா, அந்த வேறு பெயரைச் சொல்லாமல்தான் முடிச்சு என்கிறாரா. பால் வழிந்துவிடும். போன மாதம் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் அகல்யா போன் செய்தபோது நான் ஹலோ என்றேன். "யாருங்க பேசறது? அம்மா இல்லீங்களா?" என்று கேட்டாள். நான்தான்டி என்று சொல்வதற்கு இரண்டு தடவை கனைக்க வேண்டியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டாள். போனை வைத்த பிறகு நான் சமையல்கட்டில் நின்று, அகல்யா, அகல்யா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரோ அவளைக் கூப்பிடுவதுபோலத்தான் இருந்தது. அன்றைக்கு முடிவு செய்ததுதான். போய்விடலாம். என் தோழி வானதி போய்விடவில்லையா. போன வருடம் வரை இதே பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது பரீட்சைக்குக் கேள்விகள் தயாரித்துத் தரும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஏசி ரூம், கம்ப்யூட்டர், சம்பளமும் இங்கே விட மேல். "ஃபிசிக்ஸுக்கு ஆள் கேக்கறாங்க பரிமளா. காலைல போய் உக்காந்தா சாயந்திரம் வரைக்கும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். உனக்குன்னே செஞ்ச வேலை. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லிடு, இல்லீன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க." வீட்டில் என் கணவர் தனசேகரும், "உன் இஷ்டம்தான். ஆனா தினம் நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றத நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை பேச வேண்டாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. சாயந்திரம் என்ன, இப்போதே சொல்லிவிடலாம். கைப்பையில் போன் இருக்கிறது. வகுப்பில் போனைத் தொட்டால் கேமராவில் தெரியும். தெரிந்தால்தான் என்ன, போகிறவளை என்ன செய்துவிடுவார்கள். ஆனாலும் கை கைப்பைக்குப் போகவில்லை, மடியிலேயே கிடக்கிறது.

அவர்கள் படிக்கிறார்கள். படிப்பதுபோல இருக்கிறார்கள். நான் பேசாமல் இருக்கும்போது இந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எதிலோ உரசுகிறது. யாரோ பாத்திர மூடியை ரகசியமாகத் திறக்கிறார்கள், எலுமிச்சைச் சாதம் மணக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஈரோடு ரோட்டில் புதிதாகப் பாடி கட்டின பஸ் ஒன்று, இன்னும் சீட்டுப் போடாதது, கடகடவென்று போகிறது. இத்தனை சத்தத்துக்கும் மேலேதான் நான் இத்தனை நாளும் கத்தியிருக்கிறேன். எதற்காகக் கத்தினேன். மாதாமாதம் மீட்டிங்கில் சுவரில் ஒரு கலர் படம் காட்டுவார்கள், யார் யார் பாடத்தில் எத்தனை பேர் பெயில் என்று, சிவப்பு, பச்சை. போன மீட்டிங்கில் என் பெயருக்கு நேரே சிவப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. தாளாளர் அய்யா என்னைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட இத்தனை நாள் நினைவில் இருந்திருக்காது. அப்புறம் மே மாதம். மே மாத வெயிலில் நாங்கள் இரண்டு இரண்டு பேராகத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்கப் போக வேண்டும், உங்கள் பிள்ளையை எங்கள் பள்ளியில் சேருங்கள் என்று. ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா, சோப்பு விற்க வந்தவள் என்று நினைத்து, "வேண்டாங்க, போன வாரந்தான் வாங்கினோம்" என்று சாத்திவிட்டாள். கூட வந்த வானதி அந்த வாசலிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. அவள் அன்றைக்கே போய்விட்டாள், ராஜினாமா கொடுத்தது மட்டும் பிறகு. அப்படியென்றால் நான் எந்த நாளில் போனேன். அப்படி ஒரு நாள் இருக்கத்தான் வேண்டும். சந்தோஷமாக வீட்டுக்குப் போன கடைசி நாள் எது. தேடிப் பார்க்கிறேன். தேடத் தேடச் சாயந்திரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே வருகின்றன, தொண்டையில் உப்புத் தண்ணீர், கையில் திருத்தாத நோட்டுக் கட்டு. அப்புறம் திடீரென்று அந்தச் சூரிய கிரகணம். லீவு நாளில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருந்தார்கள். கிரகணத்தில் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி எங்களை உள்ளே அடைத்தார்கள். இருட்டு, வேர்வை, ஐம்பது பிள்ளைகள். அப்போது ஜன்னல் பலகையில் ஆணி பிடுங்கின ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து எதிர்ச் சுவரில் விழுந்தது. வட்டமாக விழ வேண்டிய வெளிச்சம், ஒரு பக்கம் கடித்த அப்பளம் மாதிரி விழுந்தது. ஒரு பெண்தான் முதலில் பார்த்தாள். நான் ஒன்றுமே விளக்கவில்லை. எல்லோரும் அந்தச் சுவர்ப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து, அப்பளம் மெலிந்து மெலிந்து வளையமாகி, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு பையன் தன் உள்ளங்கையை நீட்டிச் சூரியனை அதில் வாங்கி, மூடி, திறந்து பார்த்தான். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன், பஸ்ஸில் ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை. எத்தனை வருடமாகிவிட்டது. ஒரு வேலையில் அப்படி ஒரு நாள் போதுமா. போதாது. போதாதுதான். ஆனால் அந்தக் கம்பெனியில், ஏசி ரூமில், யார் உள்ளங்கையை நீட்டுவார்கள்.

"கப்பலுக்குள்ள காத்து இருக்குது. அதான் மிதக்குது. இதுக்குப் போயி ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்காங்க பாரு." கௌசிக்கின் குரல்தான், பக்கத்துப் பையனிடம் சொல்கிறான். ஆனால் அறை அமைதியாக இருப்பதால் எல்லோருக்கும் கேட்கிறது. பாடத்தில் வரும் கேள்வி அது, இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது. சுகிர்தா திரும்பாமலே கேட்டாள், "அப்ப கப்பல்ல ஜன்னலத் தொறந்து வெச்சா காத்தெல்லாம் போயி மூழ்கிடுமா?" சிரிப்பு. நான் கையை உயர்த்திச் சைகை காட்டினேன், அமைதி. காட்டின பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சத்தம் போடவில்லை, பாடத்தைத்தான் பேசுகிறார்கள். கையை இறக்கிக்கொண்டேன். "ஜன்னலத் தொறந்தா காத்து போவாது. காத்து உள்ளயும் இருக்கும், வெளியவும் இருக்கும்" என்றான் கௌசிக், கொஞ்சம் கோபமாக. "பலூன்ல மட்டும் ஏன் கட்டி வெக்கறாங்களாம்?" "பலூன் வேற." "எப்படி வேற?" அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சொல்லிவிடலாம், அரை நிமிடம் போதும், தள்ளப்பட்ட நீரின் எடை என்று ஆரம்பித்தால் இந்தப் பேச்சே முடிந்துவிடும். இருபது வருடமாக அப்படித்தான் முடித்திருக்கிறேன். தொண்டை அசைந்தது. நிஜமாகவே அசைந்தது, அந்த இரண்டு ரிப்பனும் உள்ளே ஒட்டப் போவது எனக்குத் தெரிந்தது. எச்சிலை விழுங்கி அதை நிறுத்தினேன். நிறுத்தினால் மறுபடி வருகிறது. இது என்ன. காலையில் எழுந்தபோது இனி எந்தக் குழந்தையிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தவள் நான்தானே. இப்போது ஒரு வார்த்தை, பலூன் என்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் கழுத்து நரம்பு இழுக்கிறது. பசி மாதிரி இருக்கிறது. பசியேதான். எனக்குப் பசி செத்துப்போய்விட்டது என்றுதானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், இது எங்கே இருந்தது இத்தனை நாள். அதற்குள் ஜன்னல் ஓரம் இருந்த தேன்மொழி எழுந்து நின்றாள். நான் கேட்காமலே எழுந்து நின்றாள், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னையும் கௌசிக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க மாமன் காவேரில பரிசல் ஓட்டறாரு. பரிசலுக்கு மேல மூடியே கெடையாது. கூடை மாதிரிதான் இருக்கும். எட்டுப் பேரு ஏறுவாங்க. அதுல காத்து எங்கடா நிக்கும்?" யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் அந்தப் பரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நானும் பார்த்தேன். தோல் போர்த்திய பெரிய கூடை, சுற்றிச் சுற்றிப் போகிறது, யாரையும் மூழ்கவிடாமல்.

எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. எலுமிச்சைச் சாதப் பெட்டிக்காரியிடம் போய்க் கையை நீட்டினேன். அவள் பயந்து பெட்டியையே எடுத்துக் கொடுத்தாள். பெட்டி வேண்டாம், சப்பாத்தி சுற்றி வந்த வெள்ளித் தாள் யாரிடமாவது இருக்கிறதா என்று சைகையால் கேட்க முயன்றேன், உருட்டுவதுபோலவும் சுற்றுவதுபோலவும். "மிஸ் சப்பாத்தி கேக்கறாங்கடா." "இல்லடா, பூரி." கடைசியில் சுகிர்தாதான் புரிந்துகொண்டு நான்கைந்து பேரிடம் தாளைப் பிடுங்கி வந்தாள். வராந்தாவில் செடிக்கு ஊற்ற வைத்திருந்த நீல வாளியை எடுத்துவரும்படி கௌசிக்கிடம் சொன்னேன், அதுவும் கையால்தான். வாளியைத் தரையில் வைத்தால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. நாற்காலியைக் காட்டினேன், அதன்மேல் வைத்தான். ஒரே அளவில் இரண்டு துண்டு. ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கி அவன் கையில் கொடுத்தேன், போடு என்று கண் காட்டினேன். மூழ்க வேண்டும். போட்டான். மிதந்தது. வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. "பாத்தீங்களா மிஸ், காத்து! உள்ள காத்து இருக்குது!" எனக்கு முகம் சூடானது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது, பாடம் தெரியாத டீச்சர் வாளியில் காகிதம் விட்டுக்கொண்டிருக்கிறாள். உருண்டையை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ஆமாம், மடிப்புக்கு மடிப்பு காற்று, லேசாகக் கசக்கியிருக்கிறேன். அவன் சொல்வது சரிதான். முழுக்கச் சரியில்லை, ஆனால் சரிதான். கரும்பலகைக்குப் போய்க் கௌசிக் என்று எழுதி, பக்கத்தில் பாதி சரி என்று எழுதினேன். அவன் அதை வாசித்துவிட்டு அப்படியே நின்றான். அவன் பெயர் இதுவரை கரும்பலகையில் ஏறியதெல்லாம் பேசினவர்கள் பட்டியலில்தான். பிறகு உருண்டையைத் தரையில் வைத்து டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் தட்டினேன், திருப்பிப் போட்டுத் தட்டினேன், மடிப்பே இல்லாமல் ஒரு கல் மாதிரி ஆகும்வரை. மறுபடி அவன் கையில். போட்டான். நேராக அடிக்குப் போய்விட்டது. இன்னொரு துண்டைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நான்கு பக்கமும் தூக்கிவிட்டு ஒரு பரிசல் செய்து தண்ணீரில் விட்டாள். மிதந்தது. ஒரு சாக்பீஸ் துண்டு வைத்தாள், கொஞ்சம் இறங்கி மிதந்தது. இன்னொன்று. இன்னும் இறங்கி மிதந்தது. "உக்காந்துக்கிட்டே போவுது பாரு" என்றாள் யாரோ ஒருத்தி. தேன்மொழி வாளி ஓரத்தில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடு என்று என்னையே கெஞ்சிக்கொள்கிறேன், சொல்லாதே என்றும். "அகலமா உக்காந்தா நெறையத் தண்ணிய ஒதுக்குது" என்றாள் மெதுவாக. "ஒதுக்கின தண்ணி சும்மா இருக்காது. திருப்பித் தள்ளும். பாரம் ஏத்தினா இன்னும் இறங்கி இன்னும் ஒதுக்கும். தள்ளறது பாரத்துக்குச் சரியா இருக்கற வரைக்கும் மிதக்கும்." என் பக்கம் திரும்பி, "அப்படித்தானுங்களா மிஸ்?" இருபது வருடத்தில் இந்த விதியை நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், இத்தனை நன்றாகச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கியது. டஸ்டர் தூசி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று புறங்கையால் துடைத்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். கௌசிக், "அப்ப என்னோட இன்னொரு பாதி?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் தேன்மொழியின் பரிசலில் ஒரு விரலை வைத்து, உள்ளே காற்று இருக்கும் காலி இடத்தைச் சுற்றிக் காட்டினேன். அவ்வளவு இடத்துக்குத்தான் தண்ணீர் ஒதுங்குகிறது. அவன் குனிந்து பார்த்தான். "ஓ" என்றான்.

அப்போது வாசலில் நிழல் தெரிந்தது. பிரின்சிபால் கமலவேணி மேடம். கேமராவில் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் உறைந்துவிட்டார்கள், வாளி இருக்கும் நாற்காலிக்கு முன்னால் இரண்டு பேர் மறைத்துக்கொண்டு நின்றார்கள். இதோ, இதுதான், இதற்காகத்தான் போய்விடலாம் என்றது என் மனம், பழைய தடத்தில் தானாக ஓடியது, போய்விடலாம், போய்விடலாம். மேடம் உள்ளே வந்து வாளியை எட்டிப் பார்த்தார். "என்ன இது?" என்றார். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவர் கையமர்த்தி, தேன்மொழியைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். அவள் சொன்னாள். பரிசலையும் சேர்த்துச் சொன்னாள், மாமனையும் சேர்த்துச் சொன்னாள். மேடம் பாதியிலேயே ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துத் தன் கையாலேயே வைத்துப் பார்த்தார், அது மூழ்குமா மூழ்காதா என்று குனிந்து பார்த்தார், கணக்கு டீச்சராக இருந்தவர். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தி, "வானதி கம்பெனியில உங்களக் கூப்பிட்டிருக்காங்களாமே" என்றார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் எது ரகசியம். ஆமாம் என்று தலையசைத்தேன். "போறீங்களா?" அதற்கு ஆமாம் என்று தலையசைக்க வேண்டும். காலையில் என்றால் அசைத்திருப்பேன். தலை அசையவில்லை. மேடம் கையிலிருந்த ஏதோ ஒரு சர்க்குலரைத் திருப்பிப் பின்பக்கத்தை நீட்டி, தன் பேனாவையும் கொடுத்தார். "எழுதுங்க. மனசுல இருக்கறத எழுதுங்க." சுவரில் காகிதத்தை வைத்து எழுதினேன். எழுத ஆரம்பித்ததும் கை நிற்கவில்லை. எனக்கு வகுப்பு பிடிக்கிறது. வகுப்பைச் சுற்றி இருப்பதெல்லாம்தான் முடியவில்லை. பீரியட் குறைக்க வேண்டும். ஒரு மைக் வேண்டும். மே மாதம் நோட்டீஸோடு தெருத்தெருவாக வரமாட்டேன். மேடம் வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். நிமிர்ந்து, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். "இத்தன வருஷமா இதையெல்லாம் ஏன் மிஸ் வாயத் தொறந்து கேக்கல?" கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. என் கழுத்தைப் பார்த்தார். அவர்தான் முதலில் சிரித்தார். நான் சிரிக்கக் கூடாது, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், தோள் மட்டும் குலுங்கியது. உண்மைதான். குரல் இருந்த வரைக்கும் நான் அதைக் கத்துவதற்கு மட்டும்தான் வைத்திருந்தேன். "மைக் வாங்கிடலாம், அது என் கையில இருக்கு" என்றார் மேடம். "பீரியடும் அடுத்த வாரத்துலருந்து மாத்தித் தர்றேன், ஏழாங்கிளாஸ வேற ஆளுகிட்டக் குடுத்துக்கலாம். மே மாசந்தான்… அய்யாகிட்டப் பேசிப் பாக்கறேன். ஒத்துக்குவாருன்னு நான் சொல்ல மாட்டேன். ரிசல்ட் குறையக் கூடாதுங்க மிஸ், அத வெச்சுத்தான் நானும் பேச முடியும்." இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி, "அந்தத் தண்ணி விஷயத்தக் கேட்டாருன்னா, நாந்தான் செய்யச் சொன்னேன்னு சொல்லிக்கறேன்" என்றார். அவர் போன பிறகும் நான் வராந்தாவிலேயே நின்றேன். மூன்றில் இரண்டு கிடைத்திருக்கிறது. கிடைத்தது பெரிதா, கேட்டது பெரிதா என்று தெரியவில்லை. முடிச்சு அங்கேயேதான் இருக்கும், ஒரு வாரத்தில் கரையலாம், கரையாமலும் போகலாம். தாளாளர் அய்யா மறுபடி கண்ணாடியைத் துடைப்பார். மே மாதம் வரும், அப்போது இதே வராந்தாவில் நின்று மறுபடி எழுத வேண்டியிருக்கும். எழுதலாம். உள்ளே மூன்று பேர் ஒரே நேரத்தில் புதுப் பரிசல் விடுகிறார்கள், யாருடையது அதிக சாக்பீஸ் தாங்கும் என்று சண்டை. ஆயா பழனாத்தா வந்து தரை ஈரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான்கரை மணிக்குக் கேட்டுக்கு வெளியே வந்து வானதிக்கு எழுதினேன். நான் வரல வானதி, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. உடனே பதில் வந்தது. யோசிச்சுத்தான் சொல்றியா, இல்ல கோவத்துல சொல்றியா. கோவத்துல இருந்திருந்தா வந்திருப்பேன் என்று எழுதினேன். அந்தப் பக்கம் எழுதுகிறாள், அழிக்கிறாள், எழுதுகிறாள் என்று தெரிந்தது. கடைசியில் வந்தது ஒரே வரி. இன்னைக்கு கிளாஸ்ல என்னடி ஆச்சு. சாயந்திரம் வீட்டுக்கு வா, எழுதிக் காட்டறேன் என்று அனுப்பினேன். நடந்தேன். நாளைக்குப் பத்தாம் வகுப்பு ஏ, மின்னோட்டம். அது சிரமம். பேசாமல் மின்னோட்டத்தை எப்படிக் காட்டுவது. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, வழக்கமாகப் படம் வரைந்து விளக்கிவிடுவேன், பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்ததாக எழுதிவிடுவார்கள். நாளைக்குப் படம் வேண்டாம். ஆளுக்கொரு பேட்டரி, இரண்டு சின்ன பல்பு, துண்டு ஒயர், அவர்களே மாட்டிப் பார்க்கட்டும். எந்த மாதிரி மாட்டினால் ஒரு பல்பைப் பிடுங்கினாலும் மற்றது எரியும் என்று கேள்வியை மட்டும் எழுதிப் போட்டுவிடலாம். யாராவது தப்பாக மாட்டுவார்கள், அது நல்லது, அந்தத் தப்பில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒயர் பத்தாது. ஜவஹர் பஜார் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் கடையில் ஏறினேன். கடைக்காரரிடம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த டார்ச் பல்பைக் காட்டினேன், விரலை விரித்து மடக்கி விரித்து எத்தனை வேண்டும் என்று காட்டினேன், ஒயருக்குக் கையை அகட்டிக் காட்டினேன். நான் வாய் பேசாதவள் என்று அவர் நினைத்துக்கொண்டுவிட்டார். தானும் பேசுவதை நிறுத்திவிட்டு, புருவத்தைத் தூக்கி, கையைத் திருப்பி, இது போதுமா, இன்னும் வேண்டுமா என்று சைகையிலேயே கேட்டார். இருவரும் ஒரு வார்த்தை இல்லாமல் பேரம்கூட முடித்துவிட்டோம். எல்லாவற்றையும் பையில் போடும்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது, இத்தனை பல்பு ஒரு வீட்டுக்கு எதற்கு. கைகளைக் குவித்து வீடு மாதிரிக் காட்டி, புருவத்தைத் தூக்கினார். நான் இல்லை என்று தலையாட்டி, தூசி படிந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் விரலால், பள்ளிக்கூடத்துக்கு என்று எழுதினேன். அவர் குனிந்து வாசித்தார். தன்னை மறந்து சத்தமாகவே கேட்டுவிட்டார். "டீச்சருங்களா?" தலையாட்டினேன். "அப்ப ஒயர் இன்னுங் கொஞ்சம் வெட்டித் தர்றேன், இருங்க. பசங்க பல்லுல கடிச்சே பாதிய வீணாக்கிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே சுருளை மறுபடி இழுத்தார்.